மறுக்கா அக்கா

எதையும் அவள் ஒரு தடவையோடு கேட்டு விட்டதில்லை. இன்றைக்குக் கேட்டதை நாலு நாள் கழித்துத் திரும்பக் கேட்பாள். அதுவும் நாம் அசந்திருக்கும் நேரம் பார்த்துத்தான். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டிருப்போம், அல்லது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் வந்து நின்று, "அன்னைக்கு என்னமோ சொன்னியே, மறுக்கா சொல்லு" என்பாள். நாம் சொல்லச் சொல்ல அவள் உதடு லேசாக அசையும். முதலில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறாள் என்றே எல்லாரும் நினைத்தோம். அதனால் பசறைக்கு மேலே, நமுனுகுலை மலையைப் பார்த்தாற்போல இருந்த எங்கள் தோட்டத்தில் அவளுக்கு மறுக்கா அக்கா என்றுதான் பெயர். தோட்டத்துப் பேரேட்டில் வேறு ஒரு பெயர் எழுதியிருந்தார்கள். அது அவளுடைய பெயர்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் பெயரே என்னுடையதாக இல்லாதபோது அடுத்தவள் பெயருக்கு நான் எங்கே சத்தியம் செய்வது?

சிரிக்காதீர்கள். அதைச் சொன்னால்தான் இது விளங்கும்.

எனக்குப் பதினாறு வயதாகும்போது என் அப்பா என்னைத் தாய்மாமனுக்கு மூன்றாந்தாரமாகக் கொடுப்பதென்று பேசி முடித்துவிட்டார். மாமனுக்கு வாயில் பாதிப் பல் கிடையாது. அவர் சிரித்தால் எனக்கு அழுகை வரும். மாரியம்மன் பொங்கலன்று ஊர் முழுக்கக் கோயிலில் நின்றபோது, நட்ட நடுப் பகலில், கட்டியிருந்த சேலையோடு வண்டிப் பாதையில் இறங்கி நடந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் ஒரு சந்தோஷம் வருகிறது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள் அந்த வயதில்!

திருச்சிக்குப் போகிற வழியில் ஒரு புளிய மரத்தடியில் கங்காணி ஒருவர் கடல் தாண்டிக் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கூட்டத்தில் ஒரு பெண் குறைந்தாள். செம்பாறைப்பட்டி காத்தான் மகள் மூக்காயி என்று பெயர் கொடுத்தவள், அவளுடைய அம்மா அழுது புரண்டதால் கடைசி நேரத்தில் நின்றுவிட்டாளாம். கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒம் பேரு, ஊரு எதுவும் எனக்கு வேணாம். இனிமே நீதான் மூக்காயி. அப்பன் காத்தான். ஊரு செம்பாறைப்பட்டி. எவன் கேட்டாலும் இதையே சொல்லு. மாத்திச் சொன்னே, அங்கேயே புடிச்சு ஒங்கப்பன்கிட்டத் திருப்பி அனுப்பிருவாங்க."

செம்பாறைப்பட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அப்பன் ஒருத்தன், ஊர் ஒன்று, பெயர் ஒன்று, மூன்றையும் வாயில் போட்டு மென்றுகொண்டே ரயில் ஏறினேன்.

மண்டபத்துக் காம்பில் எங்களை ஆறு நாள் வைத்திருந்தார்கள். மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, துணியை ஆவியில் வேகவைத்து, கையில் அம்மைக்குக் கீறி, ஆளுக்கொரு வட்டத் தகரத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்று அந்தத் தகரத்தில் பொறித்திருக்கும். எனக்கு எழுத்துக் கிடையாது. தடவிப் பார்த்துத்தான் என் தகரத்தைப் பழகினேன். முதலில் ஒரு கொம்பு, பிறகு வாத்து மாதிரி ஒரு வளைவு, கடைசியில் ஒரு சுழி. எங்கள் கூட்டத்தில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் என்று நிறுத்திவிட்டதால் கங்காணி அவர்களோடு தங்கினார். என்னையும் தொட்டியத்து மாரிமுத்து அண்ணனையும் அவர் பெண்சாதியையும் முன்னால் கப்பலேற்றினார்.

"தலைமன்னார்ல எறங்கித் துறையிலேயே நில்லுங்க. அடுத்த கப்பல்ல நாங்க வந்து சேந்துக்குவோம். யாருகிட்டயும் பேச்சுக் குடுக்காதீங்க. ஆள் புடிக்கிறவனுங்க அங்கதான் திரியுறானுங்க. நம்மாளு மாதிரியே பேசி வேற தோட்டத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவானுங்க. தகரத்த மட்டும் எவன் கையிலயும் குடுத்துராதீங்க."

அப்படித்தான் அந்நியச் சீமையில் கால் வைத்தோம். மணலும் தண்டவாளமுமாக இருந்தது அந்தத் துறை. நூறு பேர் நூறு பேராக இறங்குகிறார்கள். அவரவர் கங்காணியைத் தேடி அவரவர் கத்துகிறார்கள். நாங்கள் மூன்று பேரும் தகரத்தைக் கையால் பொத்திக்கொண்டு, முதுகோடு முதுகு ஒட்டி நின்றோம். எதிரே முக்காடு போட்ட ஒருத்தி தனியாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரு கண் சிவந்திருந்தது. மெல்ல மெல்லக் கிட்டே வந்தாள்.

"புள்ள, ஒந்தகரத்தக் காட்டு."

மாரிமுத்து அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "எதுக்கு? நீ யாரு, ஆபீசரு பொண்டாட்டியா?"

"என் கூட்டம் முந்தாநேத்தே போயிருச்சுண்ணே. கண்ணு செவந்திருக்குன்னு என்னைய நிறுத்திட்டாங்க. ஒரே தோட்டமா இருந்தா ஒங்ககூட வரலாமேன்னு பாக்குறேன்."

"அப்ப நீ மொதல்ல காட்டு."

"நீங்க மொதல்ல காட்டுங்க. நீங்க மூணு பேரு, நான் ஒத்த ஆளு. நான்தான பயப்படணும்?"

"பயப்படுற மூஞ்சியப் பாரு!" என்றாள் அண்ணன் பெண்சாதி.

கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காட்டுவது என்று முடிவாயிற்று. மாரிமுத்து அண்ணன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மூன்றுக்கு நான் கையை எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. என் தகரத்தை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் தன்னுடையதைத் திறந்தாள். "பாத்தியா! பாத்தியா!" என்று அண்ணன் குதித்தார். நான் அவள் தகரத்தைத் தடவிப் பார்த்தேன். கொம்பு, வாத்து, சுழி. எங்கள் தோட்டம்தான்.

"தகரம் நம்மளுதுதான். ஆளு நம்மாளான்னு தகரமா சொல்லும்?" என்று அண்ணன் என் காதில் சொன்னார். "திருடிப் போட்டிருப்பா. பேசாதே."

பேசாமல் இருக்க அவள் விட்டால்தானே. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்த ஊரு புள்ள?"

"செம்பாறைப்பட்டி."

"ஊர்ல கெணறு இருக்கா?"

"கெணறு இல்லாத ஊரு இருக்கா?"

"எந்தப் பக்கம்?"

கங்காணி கிணற்றைப் பற்றி ஒன்றுமே சொல்லித்தரவில்லையே! யோசித்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, என் சொந்த ஊர்க் கிணற்றையே எடுத்து விட்டேன். "கோயிலுக்குக் கெழக்கால."

"எறங்கி மோக்குறதா, கயிறு போட்டு எறைக்கிறதா?"

"படிக் கெணறு."

"எத்தன படி?"

யாராவது இப்படிக் கேட்பார்களா? ஆனால் எனக்குத் தெரியும். எட்டாம் படி உடைந்திருக்கும். அதில் வழுக்கி விழுந்த தழும்பு இன்றைக்கும் என் முழங்காலில் இருக்கிறது. "ஏழு படி. எட்டாவது ஒடஞ்சிருக்கும்" என்றேன்.

பிறகு கரையில் என்ன மரம் என்றாள். பூவரசு என்றேன். மரத்தில் என்ன என்றாள். தேன்கூடு என்றேன். மரத்தடியில் யார் உட்காருவார்கள் என்றாள். ஒற்றைக் கண் முறுக்குக்காரி என்றேன். இப்படியே என் ஊர் முழுவதையும் உருவி எடுத்துவிட்டாள். வெயில் சாயும்போது கப்பல் புகை தெரிந்தது. எல்லாரும் எழுந்து கங்காணியைத் தேடுகிறோம். அந்த அமளியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "புள்ள, கெணத்துக்கு எத்தன படின்னு சொன்னே? மறுக்கா சொல்லு" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பயம் ஆறு வருடம் என்னை விடவில்லை.

கங்காணி வந்து அவள் தகரத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளை வழியாகத் தோட்டத்துக்கு இரண்டு நாள் நடை. மழை, குளிர், காலெல்லாம் அட்டை. அட்டையைப் பிடுங்கக் குனிந்தவனிடமும் அவள், "அண்ணே, ஒங்க ஊரு ஆத்தங்கரையா? கெணறு எந்தப் பக்கம்?" என்றாள். தோட்டம் வந்து சேர்வதற்குள் அவள் துரைக்கு உளவு சொல்கிறவள் என்று பாதிப் பேரும், பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று மீதிப் பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பதிலே வராது. "அக்கா, நீ எந்த ஊரு?" என்றால், "ஏன், ஒனக்கு அந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவன் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அவள் கதை அப்படியே நின்றுவிடும்.

யார் எதைக் கொடுத்தாலும் "நீ மொதல்ல" என்பது அவளுடைய இன்னொரு பழக்கம். ரொட்டி கொடுத்தால், "நீ மொதல்ல ஒரு கடி கடி." வெற்றிலை கொடுத்தால், "நீ மொதல்ல போடு." ஒருநாள் தோட்டத்து மருந்துக்கார ஐயா, ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் அறை வரிசையான லயத்துக்கு வந்து எல்லாரையும் வரிசையாக நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்றினார். அவள் முறை வந்ததும் வாயைத் திறக்கவில்லை.

"ஐயா, நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க."

"எனக்கெதுக்கு? எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு!"

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்குற வயித்துக்குத்தான ஊத்துறீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது. ஐயாவுக்கு ரோஷம் வந்து ஒரு பெரிய கரண்டி எண்ணெயை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் குடித்தாள். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாரும் கூடி நின்றபோது அவளும் நின்றாள். மருந்துக்கார ஐயாவைத்தான் இரண்டு நாள் காணவில்லை! ஐயோ, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. சரி, சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

பீலி. மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் வழியாகக் கொட்டும் இடம் அது. எங்கள் லயத்துக்கே அந்த ஒரு பீலிதான். எல்லாப் பெண்களும் குடம் நிரப்பிக்கொண்டு போகிறவரை அவள் ஒரு கல்லோரம் தள்ளி நிற்பாள். "வா அக்கா, நீ புடிச்சுக்க" என்றாலும், "நீ மொதல்ல" என்பாள். கடைசி ஆள் போன பிறகுதான் அவள் குடம் நனையும். யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று காதுகொடுக்கத்தான் நிற்கிறாள் என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும் சொன்னேன். அவள் நின்றால் நான் மாமியாரைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிடுவேன்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் பதுளைக்கு நடந்து போவோம். எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட முதலாளி ஒருவர் அங்கே இருந்தார். சேலையைப் புரட்டிக்கொண்டே அவள் அவரிடமும், "மொதலாளி, ஒங்க ஊர்ல கெணறு எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்துவிடுவாள். அந்த மனுஷனுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். அரண்மனை மாதிரி கட்டிய கிணறு, எருமை விழுந்த கிணறு என்று கண் கலங்கச் சொல்லிக்கொண்டே போவார். கடையில் மற்றவர்களெல்லாம் நின்றுகொண்டிருப்போம். அவளுக்கு மட்டும் முக்காலி வரும். வெளியே வந்ததும் மாரிமுத்து அண்ணன், "இவ சேல எடுக்க வரலடா, மொதலாளிக்குத் துப்புப் பாக்க வந்திருக்கா" என்பார்.

பதினெட்டு வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். லயத்தில் நாலாவது காம்பராவில் இருந்தவர்தான், நல்ல மனுஷன். அவருடைய அம்மாவுக்கு மட்டும் என்ன ஆளுங்க, எந்தக் குலசாமி, எந்தத் தெரு என்று எல்லாம் துல்லியமாகத் தெரியவேண்டும். செம்பாறைப்பட்டி காத்தான் என்றதும் அவருக்குத் திருப்தி. அந்த வகையறா அவருக்குத் தெரியுமாம். எனக்குத்தான் பயம். ஊர் பொய் என்றால் சாதியும் பொய் என்று ஆகிவிடும். பஞ்சாயத்து வைத்து லயத்தைவிட்டே துரத்துவார்கள். கொண்டுவந்த கங்காணியும் அதற்குள் அட்டன் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். என் பெயர் என்னுடையதில்லை என்று தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அவருக்கு அடுத்தபடியாக அது யாருக்காவது தெரியுமென்றால் இந்த மறுக்கா அக்காவுக்குத்தான் என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த அம்மா நேராக அவளிடமே போனார். "ஏம்மா, நீதான இவகூடக் கப்பல்ல வந்தவ? இவ சொல்ற ஊரு நெசந்தானா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நெசந்தான். கோயிலுக்குக் கெழக்கால கெணறு. ஏழு படி. ரெண்டு தரம் கேட்டுட்டேன், ரெண்டு தரமும் ஒண்ணுதான் சொன்னா" என்றாள்.

கல்யாணம் நடந்தது. நன்றி சொல்லத் தோன்றவில்லை எனக்கு. என்னத்தையோ எதிர்பார்த்துத்தான் செய்திருக்கிறாள், என்றைக்காவது வந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒரு பிள்ளை பிறந்தது, இரண்டு பிள்ளை பிறந்தது, அவள் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காதது கேட்பதைவிடப் பயமாக இருந்தது.

இளைய பிள்ளைக்கு ஒரு வயது நடக்கும்போது தோட்டத்துக்குப் புதுக் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். பின்னால் ஒரு பெரியவர். நரைத்த தலை, தோளில் புதுக் கம்பளி.

"மூக்காயி! யாரு வந்திருக்காங்க பாரு. ஒங்க ஊரு! செம்பாறைப்பட்டி! சோறு போடு, நான் போயி அம்மாவக் கூட்டியாறேன்."

சொன்னபடி பெரியவருக்குச் சோறு போட்டு வைத்தேன். ஓடலாம் என்றால் இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று. வீட்டுக்காரரும் மாமியாரும் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர் என் முகத்தையே பார்த்தார். அவருடைய புருவம் சுருங்கியது.

"யாரு மக தாயி நீ?"

"காத்தான் மக" என்றார் மாமியார் எனக்காக. "மூக்காயி."

"காத்தான் மக மூக்காயியா? அந்தப் புள்ளையத்தான் நம்ம ஊர்லயே..."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. யாரும் கூப்பிடாமல், கையில் காலிக் குவளையோடு, மறுக்கா அக்கா.

"பெரியவரே" என்றாள், உட்காரக்கூட இல்லை. "செம்பாறைப்பட்டின்னா சொன்னீங்க? ஊர்க் கெணறு எந்தப் பக்கம்?"

அவர் திகைத்தார். "கெணறா? மேக்கால."

"எத்தன படி?"

"படி ஏது? கயிறு போட்டு எறைக்கிற கெணறும்மா."

"மறுக்கா சொல்லுங்க."

"மேக்கால. கயித்துக் கெணறு."

அவள் மெல்ல என் மாமியார் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா?"

மாமியார் முகம் மாறிவிட்டது. "எங்க மூக்காயி அப்படிச் சொல்லலியே. கெழக்கால படிக்கெணறுன்னுல்ல சொல்லுவா. ஏழு படின்னு புள்ளைங்களுக்கே கதை சொல்லுவாளே!"

"ஏழு படி. எட்டாவது ஒடஞ்சிருக்கும்" என்றாள் அவள். "கரையில பூவரசு. மரத்துல தேன்கூடு. அதுக்குக் கீழ ஒத்தக் கண்ணு அழகாயி முறுக்குக் கூடையோட ஒக்காந்திருப்பா. பெருமழை பேஞ்சா தண்ணி மூணாம் படிக்கு வந்துரும். எனக்குத் தெரியாதா? நானும் அந்த ஊர்க்காரிதான்!"

அழகாயி! முறுக்குக்காரியின் பெயரை அன்றைக்குத் துறையில் சொன்னேன் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மூன்றாம் படித் தண்ணீரும் நான் சொன்னதுதான். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அவள் சொல்லும்போது உதடு அசைந்த விதத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவள் யாரையும் சோதிக்கவில்லை. மனப்பாடம் செய்திருக்கிறாள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு ஊர் இல்லாதவள், என்னுடையதை எடுத்து ஆறு வருடமாகச் சொல்லிப் பழகியிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "யோவ், யாருய்யா நீ? எந்தத் தோட்டத்துக்காரன் ஒன்னைய ஆள் புடிக்க அனுப்பினான்? எழுந்திரு, கங்காணிகிட்டப் போவோம்."

நிஜம் பேசிய ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடைசியாக என்னையும் என் இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். என் கண்ணில் என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவத்தை நான் மறைக்க மாட்டேன். திறக்கவில்லை.

"இருங்க தம்பி" என்றார் பெரியவர். "வயசாச்சுல்ல. நான் பொண்ணு எடுத்த ஊரு நெனப்புல சொல்லிட்டேன். அங்கதான் கயித்துக் கெணறு. நம்ம ஊர்ல படிதான். ஆமா, ஏழு படிதான்."

"அப்படிச் சொல்லுங்க!" என்று மாமியார் சிரித்து, அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். அவர் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்க மூக்காயிக்கு மூணு புள்ளைங்க தாயி. நல்லாத்தான் இருக்கா. நீயும் நல்லா இரு."

அதற்குப் பிறகு அவர் எங்கள் தோட்டத்திலேயே ஒன்பது வருடம் இருந்தார். சொந்த ஊர்க் கிணற்றை மறந்தவர் என்று பெரட்டில் அவரை எல்லாரும் கேலி செய்வார்கள். "பெரியவரே, இன்னைக்குக் கெணறு எந்தப் பக்கம்?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "கெழக்கால தம்பி, கெழக்கால" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுபோனது யார் என்று நினைக்கிறீர்கள்? அவள்தான். அவர் உண்மையான செம்பாறைப்பட்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அந்த நாளுக்குப் பிறகு அவரிடம் மட்டும் அவள் எதையும் மறுக்கா கேட்டதே இல்லை.

நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தை. குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். வழக்கம்போல அவள் கல்லோரம் நின்றிருந்தாள். எல்லாப் பெண்களும் போகட்டும் என்று நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். கடைசிக் குடமும் வளைவு தாண்டிப் போனது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

"அக்கா, நெசமா நீ எந்த ஊரு?"

"செம்பாறைப்பட்டின்னு சொன்னேனே."

"மறுக்கா சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு பாதையை ஒருமுறை பார்த்தாள், லயத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"ஊரு பேரக் கேக்காத. அந்தப் பேரு என் வாயில வராது. எங்க ஊர்லயும் படிக்கெணறுதாண்டி. குடத்த மேல வச்சுட்டு எட்டப் போயி நிப்போம். யாராச்சும் மனசு வச்சு மோந்து ஊத்தணும். காலம்பற போனா உச்சிக்குத்தான் குடம் நெறையும். அந்தக் கெணத்துக்கு எத்தன படின்னு எனக்குத் தெரியாது. எறங்க விட்டாத்தான எண்ணுறதுக்கு?"

ஆறு வருடம் இந்தப் பீலியில் அவள் எதற்கு எட்டி நின்றாள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவள் காது எங்கள் பேச்சில் இல்லை. பழகிய கால் அங்கேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். எங்கள் ஊரிலும் கிணற்றுக்கு மேலே அப்படிக் குடங்கள் வரிசையாக இருக்கும். எட்டி நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிட்டே வந்தால் கல்லெடுப்பவர்களில் என் அப்பாவும் ஒருவர். அந்த ஏழு படியையும் துள்ளித் துள்ளி இறங்கியவள் நான்.

அவள் என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாமியாரிடம் ஒரு சொல் சொன்னால் போதும், மறுநாள் அவளுக்கு லயம் கிடையாது. துறையில் என் தகரத்தைப் பார்க்கும்வரை தன்னுடையதைக் காட்டாமல் பொத்திக்கொண்டு நின்றவள், இப்போது நான் என்ன செய்வேன் என்று தெரியாமலேயே தன் கதையை முதலில் காட்டிவிட்டாள்.

நான் அவள் குடத்தை எடுத்தேன். என் குடத்துக்கு முன்னால் அதைக் கொண்டுபோய்ப் பீலிக்குக் கீழே வைத்தேன். நிரம்பி வழிகிற நேரத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம ஊருக் கெணத்துக்கு எத்தன படி?"

"ஏழு அக்கா. எட்டாவது ஒடஞ்சிருக்கும். பாத்து எறங்கு."